பச்சைக் காரும் ஒரு முடிச்சுக் கல் உப்பும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் பார்த்த காருக்குள் வேறு ஏதோ வண்டியின் எஞ்சின் இருந்தது. பெங்களூரில் பார்த்ததற்கு ஆர்.சி. யார் பேரில் என்று விற்பவருக்கே தெரியவில்லை. கொச்சிக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் காரை விற்றுவிட்டார்கள். எல்லா இடத்துக்கும் கூடவே வந்து அலுத்துப்போன என் கணவர் செந்தில், போன பிப்ரவரியில் புதுச்சேரிக்குக் கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டார். "இதான் கடைசி. இதுவும் சரிப்படலன்னா அந்தப் பணத்துல நாலு பேர் உட்கார்ற மாதிரி ஒரு கார் வாங்குறோம்." மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். அதைச் சொல்லிச் சண்டையை வளர்க்காமல் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். திண்டிவனம் வழியாகச் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வீட்டு வண்டியை எடுக்கவில்லை. திரும்பி வர ஒரு கார் கிடைத்துவிடும் என்ற நப்பாசைதான். பையில் ஒரு டார்ச், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க ஒரு பழைய பெட்ஷீட், எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தம். கார் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும் போதும்.

முதல் கார் புதுச்சேரியின் உப்பளம் பகுதியில், ஒரு புரோக்கரின் ஷெட்டில். இரண்டு சீட், துணிக் கூரை, ரத்தச் சிவப்பு. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. எனக்கு வாயெல்லாம் பல். முந்தின நாள் போனிலேயே, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கேட்டிருந்தேன். பானட்டில் கை வைத்தால் சுட்டது. சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன் என்றார் புரோக்கர். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின்தான் தன் முக்கல் முனகலைக் காட்டும். முன்னாலேயே சூடாக்கி வைத்தால் அதெல்லாம் மறைந்துபோகும்.

சரி என்று காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, பெயின்ட் கீறாமல் கதவின் அடிப்பக்கம் வைத்தேன். கீழே விழுந்தது. சக்கர வளைவில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பட்டிப் பூச்சை அப்பி, மேலே சிவப்பு அடித்திருந்தார்கள். "காந்தம் வீக்கா இருக்கும் மேடம்" என்றார் புரோக்கர். செந்தில் அதை வாங்கி அங்கிருந்த இரும்பு பீரோவில் வைத்தார். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது ரூபாய். தெருப் பெயரைச் சொன்னதும், "பச்ச கார் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார் ஓட்டுநர். "அருள் அண்ணன் கார்தான? அது வெளிய வந்துச்சுன்னா தெருவே நின்னு பாக்கும் மேடம். எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அதுலதான் வந்துச்சு." காரின் பிரேக்கைப் பற்றியும் கேட்டேன். அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை, அன்றைக்கு அழுதுகொண்டிருந்தேன் என்றார்.

அருள்நாதனுக்கு அறுபதுக்குள் இருக்கும். படகு எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கிறார். ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இளவயதில் வாங்கிய கார் இது. இப்போது முட்டி மடங்காததால், தரையோடு தரையாக இருக்கும் அந்த சீட்டில் இறங்கி ஏற முடியவில்லை. அறுபதுகளின் இங்கிலீஷ் கார், பச்சை வெளுத்து முருங்கைக்கீரை நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடியில் ஜெபமாலை. பானட் ஜில்லென்று இருந்தது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் மூன்று முறை இருமிவிட்டு நான்காவது முறை பிடித்துக்கொண்டது. எண்ணெய் எரிகிறதென்று காட்டும் நீலப் புகை இல்லை. காந்தம் வைத்த இடத்திலெல்லாம் ஒட்டியது. எனக்குள் ஏதோ பாட ஆரம்பித்துவிட்டது.

வடக்கே பிள்ளைச்சாவடி வரை சுமார் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில், செந்தில் பக்கத்தில். பின்னாலேயே பைக்கில் அருள்நாதனும் அவர் மனைவி பிலோமினா அக்காவும். கோட்டக்குப்பம் தாண்டியதும் மூன்றாவது கியரில் மிதித்தேன். அந்தச் சத்தத்துக்கும் முகத்தில் அடித்த கடல் காற்றுக்கும் நான் சத்தமாகவே சிரித்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் செந்தில் இரண்டு காலையும் மார்போடு மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"காலுக்குக் கீழ ரோடு ஓடுது."

பிள்ளைச்சாவடியில் மீன் காயவைத்திருந்த மணல் ஓரமாக நிறுத்தினோம். ரப்பர் மேட்டைத் தூக்கினால், இடப்பக்கத் தரையில் ஊத்தப்பம் அளவுக்கு ஓட்டை. அவ்வளவுதான், நாலு பேர் உட்காரும் காரே கதி என்று நினைத்துக்கொண்டேன். அருள்நாதன் எங்களைவிட அதிகமாக அதிர்ந்து போயிருந்தார். "தண்ணி படவே வுட மாட்டேன் மேடம். மழைல எடுத்ததே இல்ல. அந்தப் பக்கம் மேட்ட நான் தூக்கியே பாக்கல."

பெட்ஷீட்டை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தேன். டார்ச் அடித்து, அருள்நாதனிடம் வாங்கிய திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். சட்டம், குறுக்குக் கம்பிகள், வலப்பக்கத் தரை, எல்லாம் கணீரென்று இருந்தன. அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் பொத்துப்போயிருந்தது. கடல் காற்றில் துருப்பிடித்தால் இப்படி ஒரே இடத்தில் பிடிக்காது. எழுந்து வந்து இடப்பக்க சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஈரமாக, பிசுபிசுவென்று ஒரு கறுப்புத் துணி முடிச்சு தட்டுப்பட்டது. சீட்டின் ஸ்பிரிங்கில் கட்டியிருந்தார்கள்.

"ஐயோ, அத்த அவுக்காதம்மா" என்றார் பிலோமினா அக்கா. "அது கண்ணுக்குக் கட்டினது."

உள்ளே கல் உப்பும் காய்ந்த மிளகாயும். தெருவே நின்று பார்க்கும் கார் அல்லவா, திருஷ்டி பட்டுவிடக் கூடாதென்று அக்கா கட்டியிருக்கிறார். மாதாமாதம் சர்ச்சில் முதல் வெள்ளிப் பூசை முடிந்து வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புது உப்பு வைத்துக் கட்டுவாராம். வருடக்கணக்காக, ஒரு மாதம் விடாமல். புதுச்சேரிக் காற்றில் கல் உப்பு தண்ணீர் விடாமல் இருக்குமா? சொட்டுச் சொட்டாக அதே இடத்தில் விழுந்து தரையைத் தின்றிருக்கிறது. ஆசையாகக் காப்பாற்றப் போய் இப்படி ஆகிவிட்டது.

அருள்நாதன் மனைவியைப் பார்த்தார். "உப்பா வச்ச?"

"கண்ணு படாம இருந்துச்சா இல்லியா?" என்றார் அக்கா.

செந்திலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வர, மணலில் உட்கார்ந்து சிரித்தார். முதலில் முறைத்த அக்காவும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்து எழுந்த என் கணவர் கையை நீட்டி, "சாவிய குடு, திரும்பிப் போறப்போ நான் ஓட்டுறேன்" என்றார். அந்த நிமிடமே கார் எங்களுடையதாகிவிட்டது. ஓட்டைக்கு மேல் காலை மடக்கி உட்கார்ந்து நான் முத்தியால்பேட்டை போய்ச் சேர்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காரிலும் உட்கார்ந்ததில்லை.

விலையைக் கேட்காதீர்கள், என் அம்மா இந்த வலைப்பதிவைப் படிக்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டு அன்று பஸ்ஸில்தான் திரும்பினோம். அழுகிய பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய மூன்று வாரம் ஆனது. மார்ச்சில் காரை எடுக்கப் போனபோது, பிலோமினா அக்கா புதுக் கறுப்புத் துணியில் ஒரு முடிச்சைக் கொண்டுவந்து நீட்டினார். செந்தில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸைக் கழுவி, துடைத்து, முடிச்சை உள்ளே வைத்து, மூடியை அழுத்தி மூடி சீட்டுக்கு அடியில் தள்ளினார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

உங்களுக்கும் இந்தக் கிறுக்கு இருந்தால் சில விஷயங்கள். காலையிலேயே போய், எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். துருவே இல்லாத பழைய கார் கிடைக்காது, எங்கே, எதனால் துருப்பிடித்தது என்று தெரிந்துவிட்டால் பயமில்லை. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விற்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி எண் உள்ள வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றத் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்குப் பொறுமையும் வேண்டும். வாங்கிய பிறகு வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள், நிறுத்தியே வைத்தால் கெட்டுப்போகும். எல்லா மேட்டையும் தூக்கிப் பாருங்கள்.

இந்தப் பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது செந்தில் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். நாலு பேர் உட்காரும் காரைப் பற்றி அவர் பேசியே மாதக்கணக்காகிறது.

"கல் உப்பு எங்க வச்சிருக்க? நாளைக்கு முதல் வெள்ளி."