பாலத்தில் மூச்சுத் திணறிய டிராக்டர்

நான் பிறந்து வளர்ந்தது செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான கிள்ளானுக்கு வந்துவிட்டேன். ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு சின்னச் செம்பனைத் தோட்டம். எண்ணெய் ஆலைக்குப் பழக்குலைகளை இழுக்க ஒரு பழைய டிராக்டர். டிசம்பர் மாதம் மட்டும் அதற்கு வேறு வேலை. ட்ரெய்லரைக் கழுவி, வண்ண விளக்குக் கட்டி, மாதா கோயில் பாடகர் குழுவை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போவோம். ஓட்டுவது நான். பாட்டை எடுத்துக்கொடுப்பது என் மனைவி.

போன வருஷம் ஒத்திகைக்காக எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சமதளத்தில் ஒழுங்காகத்தான் போனது. பாலத்து ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. புகைக்குழாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை. காற்றும் ட்ரெய்லர் பக்கமாகத்தான் அடித்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாட்டு நின்றுபோய் இருமல்தான் கேட்டது. குழுவோடு வந்திருந்த ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பரவால்ல லா, அடுத்த வாட்டி எல்லாரும் கறுப்புச் சட்ட போட்டுக்குவோம்" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

கறுப்புப் புகை என்றால் டீசல் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். ஒன்று டீசல் அதிகமாகப் போயிருக்க வேண்டும், இல்லை காற்றுக் குறைந்திருக்க வேண்டும். நான் டீசல்தான் என்று முடிவுகட்டினேன். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு, "பாஸ், எல்லாம் நல்லாத்தான் அடிக்குது. ஒழுகல" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மாட்டினேன், அதே புகை. சரி, காற்றைப் பார்ப்போம் என்று ஏர் ஃபில்டரைத் திறந்தால் ஒரே தூசி. பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகப் புதியது போட்டேன். புகை கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். தோட்டத்து மேட்டில் வண்டி பழையபடியே தவித்தது.

சாயங்காலம் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். கொடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் கரி படிந்திருந்தது; அதை விலக்கிக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள்.

"சும்மா நிக்கறப்ப பொக வரல. மிதிச்சாத்தான் வருது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப நீங்க ஏறி மிதிங்க. நான் இங்க நின்னு பாக்குறேன்."

"ஃபேன் கிட்ட போகாத. அந்தத் துப்பட்டாவக் கழட்டி வச்சுட்டு நில்லு."

ஏறி நன்றாக மிதித்தேன். இன்ஜின் இரைந்தது. அவள் எதையோ பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க, விட்டுட்டு மறுபடி மிதிங்க!"

மிதித்தேன். இன்னும் சிரித்தாள்.

"போட்டோ எடுக்கறப்ப நீங்க வயித்த உள்ள இழுப்பீங்களே, அதே மாதிரி இழுக்குது பாருங்க, இந்த ஹோஸ்!"

அவளை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் இறங்கி வந்து பார்த்தேன். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் எண்ணெயில் ஊறித் தளர்ந்துபோயிருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது உருண்டையாக, நல்ல பிள்ளையாக இருந்தது. வேகம் கூடிக் காற்றை இழுத்ததும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்தது. ஃபில்டர் மாற்றும்போது அதன் கிளிப்பை நான்தான் இறுக்கியிருந்தேன். அப்போது இன்ஜின் ஓடவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அங்கேயே நின்று, தேத்தண்ணி ஆறும்வரை சிரித்தோம்.

மறுநாள் இருவரும் கிள்ளான் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கனமான புது ஹோஸ் ஒன்றை அவளே அமுக்கிப் பார்த்து எடுத்தாள். மாட்டிவிட்டுக் குலைகளை ஏற்றி மேட்டில் விட்டேன். முதலில் லேசாகக் கொஞ்சம் புகை. அப்புறம் புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய இழுவை திரும்பியிருந்தது.

பாட்டுக்குப் போன சாயங்காலம் பாலத்தை நெருங்கியபோது நான் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ட்ரெய்லரிலிருந்து பாட்டை எடுத்துக்கொடுத்தாள். டிராக்டர் கனமாக, நிதானமாக ஏறியது. உச்சியைத் தாண்டியதும் பின்னால் வந்த கார் ஒன்று முந்தாமல் கூடவே வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு குடும்பமே எங்களோடு பாடிக்கொண்டிருந்தது.

"மெதுவா போங்க! அவங்களும் பாடட்டும்" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

நான் வேகத்தைக் குறைத்தேன்.