நோயில்லாத ஊரில் அம்மணி

எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் யாரைப் பார்த்து "உடம்பு எப்படிங்க?" என்று கேட்டாலும், "நல்லா இருக்கறனுங்க" என்றுதான் பதில் வரும். விசாரித்தவரிடம் தன் நோவைச் சொல்வது மரியாதை இல்லையாம். காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே இதைச் சொல்வார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் மூலமும் மூட்டுவலியும் எல்லோருக்கும் அத்துப்படி.

இது தெரியாத ஒரு தொண்டு நிறுவனம், என் டீக்கடைக்கு எதிரே பஸ் நிழற்குடையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை நட்டுவிட்டுப் போனது. பெயரைச் சொன்னால் பெண்குரலில் உடம்பை விசாரிக்கும். 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். நோய் இருப்பதாகத் தோன்றினால் நர்ஸ் தேவகுமாரியின் போனுக்குத் தகவல் போகும் என்றார்கள். ஒன்றுகூடப் போகவில்லை.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர் அம்மணி. எடை போடும்போது கணக்கெழுதும் ரைட்டரின் கட்டைவிரல் தராசில் பட்டால், அந்த விரலைப் பிடித்துத் தூக்கிவிட்டுத்தான் மறுபேச்சு. அப்படிப்பட்டவரால் வீட்டுக்காரர் மாரிசாமியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு நகர்த்த முடியவில்லை. மழையில் பிடித்த இருமல், கோடையில் காப்பி பூத்த பிறகும் விடவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். அம்மணியின் அப்பா இப்படி இருமி இருமியே போனவர். அந்தப் பயம் அம்மணியை அரித்தது.

கெஞ்சிக் கூத்தாடி மாரிசாமியைப் பெட்டி முன் நிறுத்தினார்.

"உங்களுக்கு நெடுநாள் இருமல் உள்ளதா?"

மாரிசாமி இருமி முடித்தார், வாயைத் துடைத்தார், 'இல்லை'யை அழுத்தினார்.

"மூச்சு வாங்குகிறதா?"

பெட்டியையே பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, 'இல்லை'.

"நீங்கள் நலமாக உள்ளீர்கள். வாழ்த்துகள்!"

"பாத்தயா புள்ள? மிசினே சொல்லிருச்சு."

ஊரே இப்படி அழுத்தியதில் கொட்டச்சேடு நோயே இல்லாத ஊராகிவிட்டது. தொண்டு நிறுவனத்தின் பிரபாகர் சால்வை, கேடயத்தோடு வந்து இறங்கினார். நிழற்குடையிலேயே பாராட்டு விழா. மலைக்காற்றின் மகிமையைப் பற்றி அவர் பேசியதில் பாதி, கூட்டத்தின் இருமலில் காதில் விழவில்லை.

முன்வரிசையில் மாரிசாமி இருமிக்கொண்டே கைதட்டினார். அம்மணிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று பெட்டியிடம் போய், "மாரிசாமி" என்றார். புருஷன் பேரைச் சொல்லிவிட்டாளே என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பெட்டி கேட்டதற்கெல்லாம் அம்மணி 'ஆமாம்' அழுத்தினார்.

"மாரிசாமி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்!" என்று பெட்டி பிரபாகரின் மைக்கை மிஞ்சிக் கத்தியது.

"ஊரு முன்னால மானத்த வாங்கிட்டயே! உனக்கு மட்டும் நோவே இல்லையாக்கும்? இரு, நானுஞ் சொல்றன்." மாரிசாமி அவரை விலக்கிவிட்டு, "அம்மணி" என்றார்.

"நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?"

'இல்லை'. வெடுக்கென்று அழுத்தினார்.

"இரவில் தூக்கம் கெடுகிறதா?"

'ஆமாம்'. இந்தத் தடவை வேகம் குறைந்திருந்தது.

"மனதில் பயம் உள்ளதா?"

விரல் அந்தரத்திலேயே நின்றது. பெட்டி திரும்பத் திரும்பக் கேட்டது. மாரிசாமி அம்மணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக 'ஆமாம்' அழுத்தினார். நான் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, துணைக்கு ஒருவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

மாரிசாமி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ஏற்காட்டு பஸ்ஸு எப்பங்க? இவளக் கூட்டிட்டுப் போகோணும். நொம்ப முடியலையாட்ட இருக்குது."

கூடப் போன நர்ஸ் தேவகுமாரி வந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடுத்தவரைக் கை காட்டினார்களாம்.

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கென்னங்க, நல்லா இருக்கறனுங்க." அதையும் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்களாம்.

தேவகுமாரி இரண்டு சீட்டு போடச் சொல்லிவிட்டார்.