ஒன்பதே முக்கால் அடி

நான் என் கணவரிடம் பொய் சொன்னேன். பணத்தைப் பற்றியோ வேறோர் ஆணைப் பற்றியோ அல்ல. எங்கள் வீட்டுப் பின்னறையின் நீளத்தைப் பற்றி!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதெல்லாம் ஒரு பொய்யா என்று சிரித்துத்தான் நானும் ஆறு வருடங்களை ஓட்டினேன்...

கிள்ளானில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள் நான். என் கணவர் சேவியர் ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மரம் கடையும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. கிண்ணமும் பம்பரமும் அவருக்குப் போதாது. இரண்டடி அகலத்தில் தட்டு கடைய வேண்டுமாம்! மகள் ஷீலாவின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் வைக்கும் வரிசையில், நடுத்தட்டு அவர் கையால் ஆனதாக இருக்க வேண்டும். அதன்மேல் நான் தைத்த பட்டு ரவிக்கையும் சேலையும். சாலாக் செலாத்தானில் சாலையோர அங்சானா மரம் ஒன்றை வெட்டியபோது, நண்பரிடம் கேட்டு அகலமான பலகை ஒன்றைக் கொண்டுவந்து காயவைத்தார்.

ஆனால் எந்த லேத் மெஷினை வாங்குவது? அந்தக் கேள்வி அவரைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் ஒன்றைச் சொல்வார், மாலையில் வேறொன்று. சாப்பாட்டு மேசையில் காலித் தட்டைச் சுழற்றி எனக்குப் பாடம் நடத்துவார்.

"பெரிய தட்டுன்னா மெஷின் ரொம்ப மெதுவா சுத்த ஆரம்பிக்கணும் மேரி. இல்லேன்னா மரம் பிச்சிக்கிட்டு மூஞ்சில வந்து அடிக்கும். அடியில இருக்குற இரும்பும் தட்டக் கூடாது. மெஷின் நல்லா கனமா இருக்கணும். லேசா இருந்திச்சுன்னா மரத்தோட சேர்ந்து அதுவும் ஆடும்லா."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, பூச்சோங் கடையில் புதியது. மேசைமேல் வைக்கிற சின்ன மெஷின். ஓரடிக்குமேல் அகலமான மரம் அதில் சுற்றாது. மற்றொன்று, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை கழித்துவிட்ட பழைய மெஷின். ஆனை கனம். அதன் தலையை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டால் கீழே எதுவும் இடிக்காமல் எவ்வளவு பெரிய தட்டும் சுற்றும். ஆனால் அதை வைத்து, நின்று வேலை செய்யப் பத்தரை அடி நீளம் வேண்டும்.

அந்தப் பழைய மெஷினைப் பார்க்கப் போனவர் அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். "மேரி, பின்னால ரூமு எவ்ளோ நீளம்னு கொஞ்சம் அளந்து சொல்லேன்."

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு முறை அளந்தேன். பதினோரு அடி. சுளையாகப் பதினோரு அடி!

"ஒன்பதே முக்கால்," என்றேன்.

ஒன்பது என்று முழுசாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். அந்த முக்கால் இருக்கிறதே... அதுதான் அவரை நம்பவைத்தது. அது எப்படி அவ்வளவு சரளமாக என் வாயில் வந்தது?

போனில், மெஷினை விற்கும் சீனரின் குரல் கேட்டது. "முவாட் கா, போஸ்?" இடம் கொள்ளுமா என்று கேட்கிறார். என் கணவர் சிரித்துக்கொண்டே, "தக் முவாட்லா, கொள்ளாது. என் வைஃப் டைலர். அவ அளந்தா ஒரு நூல்கூடப் பிசகாது," என்றார்.

அவர் வீடு திரும்புவதற்குள் என் துணி அலமாரியைப் பின்னறைக் கோடியில் குறுக்காக இழுத்துப் போட்டுவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஏன் செய்தேன்? இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மரத்தூள் பறந்து வாடிக்கையாளர்களின் பட்டில் படியும் என்று பயந்தேனா? பயந்தேன்தான். ஆனால் அதை நேராகச் சொல்லியிருக்கலாமே! மரம் பிய்த்துக்கொண்டு வந்து அவர் முகத்தில் அடிக்கும் என்ற கவலையா? அதுவும் இருந்தது. ஆனாலும்... முப்பது வருடமாக அந்த வீட்டில் ஓடியது என் மெஷின் ஒன்றுதான். வாசலில் செருப்பு நிறைந்தால் அது என்னைத் தேடி வந்தவர்களுடையது. அந்த இடத்தை அவருக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லையா? அவ்வளவு அற்பமானவளா நான்? தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் உண்மைபோல் தோன்றுகிறது.

சின்ன மெஷினை வாங்கினார். நிச்சயதார்த்தத்துக்கு முன் ஒருநாள் அந்தப் பலகையைத் தூக்கி வந்து என் வெட்டு மேசைமேல் போட்டார். "நீதான் வட்டம் அழகா போடுவ. பதினோரு இஞ்சுல போடு," என்றார். தையல் சாக்பீஸால் நானே வரைந்தேன். இரண்டடிப் பலகையின் நடுவே அந்த வட்டம் எவ்வளவு சின்னதாக இருந்தது! அவர் ரம்பத்தால் சுற்றிலும் அறுத்துத் தள்ள, நான் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சேலையும் ரவிக்கையும் கடையில் வாங்கிய பித்தளைத் தட்டில் போயின. அவர் தட்டில் வெற்றிலை பாக்குக்கு மட்டும்தான் இடமிருந்தது.

மாதா மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் நான். கோபம், புறணி எல்லாம் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். இதைச் சொல்லவில்லை. இதை எந்தக் கட்டளையில் சேர்ப்பது என்று குழம்பியே திரும்பிவிடுவேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் பின்னறைக்கு டைல்ஸ் போட முடிவு செய்தோம். அலமாரியை வெளியே எடுத்தாயிற்று. டைல்ஸ் போட வந்த குத்தகைக்காரர் டேப்பை விரித்து, "நீளம் பதினோரு அடி அங்கிள்," என்றார்.

"இல்லப்பா, ஒன்பதே முக்கால். நல்லா பாரு."

அவர் மறுபடி அளந்து காட்டினார். என் கணவர் குனிந்து அந்த எண்ணையே பார்த்தார். நான் கையில் தேத்தண்ணியோடு நின்றேன். இதோ, இப்போது திரும்பிப் பார்க்கப்போகிறார், கேட்கப்போகிறார்... கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை!

அவர் கேட்கவில்லை. "அவ பதினொண்ணுன்னுதான் சொல்லியிருப்பா. நான்தான் தப்பா மனசுல வெச்சிட்டேன் போல," என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாரோ என்று பல நாள் அவரைக் கவனித்தேன். இல்லை. அவர் உண்மையாகவே தன்மேல்தான் சந்தேகப்பட்டார். கேட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை போய் இழுத்துப் பார்த்தார். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பினார். லேத் மெஷினைத் தொடவே இல்லை. ஒரு நாள் ஷீலாவிடம், "அப்பாவுக்குப் புத்தி தேயுதும்மா. அப்பவே ஆரம்பிச்சிருக்கு," என்றாராம். அவள் பதறிப்போய்ப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஷீலா கார் ஓட்ட, போனோம். டாக்டர் தமிழ்ப் பெண். கிழமை கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். என் கணவர் எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஆன்டி, நீங்க சொல்லுங்க. வீட்ல அங்கிள் எதையாச்சும் மறக்குறாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை... அதைச் சொன்னால், பிறகு ஏன் இவர் இப்படிப் பயப்படுகிறார் என்று பின்னறையின் நீளம் வருமே, அவருக்கு அதைத் தவறாகச் சொன்னது யார் என்று வருமே!

"கொஞ்சம் இருக்கு டாக்டர்," என்றேன்.

நான் இல்லை என்று சொல்வேன் என என் கணவர் எதிர்பார்த்திருந்தார் போல. சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தைபோல் பயந்த பிடி. வீடு வந்து சேரும்வரை அவர் அதை விடவே இல்லை.