சீடி இல்லாத பெட்டி

அந்தப் பெட்டியைக் கையில் வாங்கியதும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ லேசாக உரசியது. சீடி ஆடுகிற சத்தம் அப்படி இருக்காதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. கத்தாரில் ஒரு கட்டடக் கம்பனியில் வேலை செய்கிறான். அவனோடு அறையில் இருந்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப்போன கேம் மெஷினை, லீவில் வரும்போது உடுப்புகளுக்கு நடுவே சுற்றி வைத்து எனக்காகத் தூக்கி வந்திருந்தான். கூடவே அங்கே கடையில் புதிதாக வாங்கிய ஒரு கேம்; அதுதான் அந்தப் பெட்டி. அட்டையில் நீல நிறத்தில் பெரிய லொறி ஒன்று.

பதினொரு வருடம் நான் தேயிலைத் தொழிற்சாலையின் லொறி ஓட்டினேன். வட்டவளையிலிருந்து தூள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவதுதான் வேலை. இந்தப் பெட்டி வருவதற்கு முந்தைய வருடம் கினிகத்தேனைக்குக் கீழே, கொட்டுகிற மழையில், எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் கொடுக்கப்போய் லொறி பள்ளத்தில் சரிந்தது. உயிர் மிஞ்சியது. முதுகெலும்பில் அடிபட்டு இடது கால் மரத்துவிட்டது. கிளச்சை மிதிக்க முடியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? மனைவி விடியற்காலையில், தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விடுவாள். கொழுந்து பறித்துவிட்டு அவள் திரும்பி வரும்வரை வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில் நானும் மழைச் சத்தமும்தான்.

ஒருநாள் போனில் யாரோ கேமில் லொறி ஓட்டுகிற வீடியோவைப் பார்த்தேன். கண்ணாடியில் வைப்பர் ஆடுகிறது, கியர் மாறுகிறது, எல்லாம் விரலாலேயே நடக்கிறது. கால் தேவையில்லை. மச்சானிடம் பேசும்போது சும்மா சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். அவன் அதை நினைவில் வைத்திருந்தான்.

பெட்டியைத் திறந்தோம். சீடி இருக்க வேண்டிய வட்டமான பள்ளம் காலியாக இருந்தது. ஒரு துண்டுத்தாள் மட்டும் விழுந்தது.

"சீடி எங்கடா?"

"இதுதான் மச்சான். இப்ப சீடி வாறதில்லையாம். இந்த நம்பரப் போட்டா நெட்டுல இருந்து எறங்கும்னு கடையில சொன்னாங்க."

"அப்ப பெட்டி எதுக்கு?"

அவன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீடியாக இருந்தால் எந்த மெஷினிலும் போடலாம். விளையாடி முடித்தால் பக்கத்து லயத்துக்காரனுக்குக் கொடுக்கலாம். தாளைத் திருப்பினேன். ஒருமுறைதான் பயன்படுத்தலாம், திருப்பிக் கொடுக்க முடியாது, மாற்ற முடியாது என்று பொடி எழுத்தில் வரிசையாகப் போட்டிருந்தது. வாங்கியவன் எதைச் செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

நம்பரைப் போடக் கணக்கு ஒன்று திறக்க வேண்டியிருந்தது. முதல் கேள்வியே எந்த நாடு என்பதுதான். இங்கிலீஷ் எழுத்து வரிசையில் இருந்த பட்டியலை, இலங்கையைத் தேடி உருட்டிக்கொண்டே போனோம். ஸ்பெயின் வந்தது. அதற்கு அடுத்து சுவீடன். மேலே போய் மறுபடி இறங்கிப் பார்த்தோம். ஸ்பெயின், சுவீடன். நடுவில் நாங்கள் இல்லை.

"இங்க எல்லாரும் இந்தியான்னுதான் போடுறாங்களாம்," என்றான் மச்சான். போட்டோம். நம்பரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தோம். இந்த நம்பர் உங்கள் நாட்டில் செல்லாது என்று திரையில் வந்தது. கத்தாரில் விற்றது கத்தார்க் கணக்கில்தான் வேலை செய்யுமாம். மச்சான் தன்னுடைய கத்தார் போன் நம்பரைக் கொடுத்து இன்னொரு கணக்குத் திறந்தான். இந்தமுறை பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. அவன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கேம் இறங்கப் பத்தொன்பது நாள் ஆனது. எங்கள் லயத்தில் ஜன்னல் விளிம்பில்தான் சிக்னல். ரவுட்டரை அங்கே வைத்து, சாரல் படாமல் பொலித்தீனால் மூடி, நான் பக்கத்திலேயே காவல் இருந்தேன். மழைக்குக் கரண்ட் போகும். வந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். வேலை முடிந்து வந்து மழைக்கோட்டைக் கழற்றும்போதே மனைவி கேட்பாள்: "இன்னைக்கு எவ்வளவுங்க?"

"அறுபத்தி நாலு."

"நேத்து அறுபத்தி ரெண்டு தானே?"

நூறைத் தொட்டபோது மச்சான் திரும்பிப் போய் ஒரு வாரமாகியிருந்தது. போன இடத்தில் அவனை வேறொரு கம்பனிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கம்பனி கொடுத்த சிம்மையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

அன்று மெஷினை நிறுத்திப் போட்டதும் கணக்கு என்னை உள்ளே விடவில்லை. புதிய இடத்திலிருந்து நுழைகிறீர்கள், உங்கள் போனுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. பழைய கம்பனி வாங்கிக்கொண்ட அந்தச் சிம்முக்கு எண் போனது. கேம் முழுதாக இறங்கி இருந்தது. லொறிப் படத்தின் மேல் சின்னதாக ஒரு பூட்டு விழுந்திருந்தது.

ஊன்றுகோலோடு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். போன் திருத்தும் கடைக்காரர் என் வயதுக்காரர், நன்றாக இங்கிலீஷ் எழுதுவார். கேம் கம்பனியின் உதவிப் பக்கத்தைத் திறந்து எனக்காக எழுதினார். மறுபக்கத்திலிருந்து வந்ததையெல்லாம் தமிழில் சொன்னார். "உங்க கஷ்டம் புரியுதாம். பெட்டிய படம் புடிச்சு அனுப்பச் சொல்றாங்க." அனுப்பினோம். தாளையும் அனுப்பினோம். அடுத்த கேள்வி வந்தது. கடைக்காரர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இப்ப எங்க இருக்கீங்கன்னு கேக்குறாங்க அண்ணே. கத்தார்னு போடுறேன்."

"வேணாம். இலங்கைன்னு போடுங்க."

"போட்டா சிக்கல் வரும் அண்ணே."

"நான் இங்கதானே இருக்கேன்? இங்கன்னே போடுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம் என்று என் தாத்தாவை இந்த நாட்டுக்காரர் இல்லை என்றார்கள். அப்பா பாதி வயதுவரை பிரஜாவுரிமைக் கடதாசிக்கு அலைந்தார். ஒரு விளையாட்டுக்காக நான் ஒரே நாளில் இந்தியனாகவும் கத்தார்க்காரனாகவும் ஆகியிருந்தேன். இன்னொருமுறை பொய் சொல்ல வாய் வரவில்லை.

பதில் வரச் சற்று நேரமானது. கடைக்காரர் அதை இரண்டுமுறை வாசித்துவிட்டுத்தான் சொன்னார். "உங்க நாட்டுல அவங்க சேவை இல்லையாம். தப்பான நாடு போட்டுத் தொறந்த கணக்க வச்சிருக்க முடியாதாம். மூடுறாங்க."

"கேம்?"

"அது கணக்கோட போயிடும்."

"வேற நம்பர் தரச் சொல்லுங்க. பெட்டி நம்மகிட்டதானே இருக்கு?"

எழுதினார். ஒருமுறை பயன்படுத்திய நம்பரை மறுபடி தர வழியில்லை, வாங்கிய கடையில் கேளுங்கள் என்று வந்தது. கடை கத்தாரில். பிரித்த பெட்டியை எந்தக் கடை வாங்கும்? கடைசியாக, எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் வந்தது. கடைக்காரர் அந்தப் பக்கத்தை மூடினார்.

அன்று மாலை மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள்: "ஏங்க, கத்தார்னே சொல்லியிருக்கலாமே?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த பல நாட்கள் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. லொறி பள்ளத்தில் விழுந்தபோதாவது பத்துப்பேர் ஓடிவந்து என்னை வெளியே இழுத்தார்கள். இது யாருக்கும் கேட்காமல் நடந்து முடிந்துவிட்டது. ஒரு விளையாட்டுச் சாமானுக்கா இவ்வளவு துக்கம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு மச்சான் புது நம்பரிலிருந்து கூப்பிட்டான். பேச்சில் களைப்பு தெரிந்தது. புது இடத்தில் வெயிலில் வேலையாம்.

"அத விடுங்க மச்சான். லொறி ஓடுதா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஓடுதுடா," என்றேன்.

"எது வரைக்கும் போயிட்டீங்க?"

"ரொம்ப தூரம். ரெண்டு பக்கமும் கோதும வயலு. பனி கொட்டுது. ரோடு வழுக்கும்னு ஓரமா நிப்பாட்டி வச்சிருக்கேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அங்கே போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அப்ப அடுத்த லீவுக்கு வேற ஒரு லொறி கேம் வாங்கியாறேன் மச்சான். இதவிடப் பெரிய லொறி."

"சரிடா. வாங்கியா."

மனைவி சுளகை வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். வாசலுக்குப் போய், சாப்பிட்டியா, உடம்புக்கு எப்படி இருக்கு என்று கேட்கத் தொடங்கினாள். அவளும் அவனிடம் சொல்லவில்லை.