வண்டு விழுந்தது வீட்டுக்கு

தேவகிருபைக்குக் கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவள் உடையாத பிஸ்கட் ஒன்றைத் தின்றது கிடையாது. வாங்க வக்கில்லாத குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ராசையா அண்ணாச்சி கடை என்றால் ஒரு காலத்தில் மூன்று தெருவுக்குப் பருப்பும் புளியும் போட்ட மளிகைக்கடை. அந்த அண்ணாச்சியின் மனைவிதான் தேவகிருபை. வில்லங்கமே அங்கேதான்.

மளிகைக் கடைக்காரன் வீட்டு அடுப்பில் நல்ல சரக்கு ஏறாது. முழுசாக இருப்பது, பளிச்சென்று இருப்பது எல்லாம் வாடிக்கைக்கு. நொறுங்கினது, பாக்கெட் கிழிந்தது, ஈரம் பட்டது, தேதி தாண்டப் போவது வீட்டுக்கு. கல்யாணமாகி நாசரேத்துப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்த முதல் வாரமே ராசையா ஒரு பொட்டலம் ரவையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பிரித்தால் புழு நெளிகிறது. புதுப்பெண் முகம் சுளித்தாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. சலித்துக் கொட்டி, வெயிலில் காட்டி, வறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வண்டு விழுந்தது வீட்டுக்கு ஆகும் என்று சட்டத்தையும் படித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் அழுதாள். பிறகு பழகிவிட்டாள்.

பழகினாள் என்பதுகூடச் சரியில்லை, அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். சுளகை இரண்டு தட்டுத் தட்டினால் வண்டு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். சிக்குவாடை அடிக்கிற நிலக்கடலையைக் கழுவி வறுத்து மிளகாய்ப் பொடியில் மறைத்துவிடுவாள். தூளாய்ப் போன அப்பளம் குழம்பில் விழும். கல்யாண மண்டபத்தில் பாதி தின்ற இலைகளைச் சோற்றோடு சுருட்டித் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். அந்த ஜனங்களுக்கு ஒரு மாசம் கடைக்காரன் பெண்டாட்டியாக இருந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராசையாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. உப்புக் கேட்டவர்களுக்குச் சர்க்கரை மடித்துக் கொடுத்தார். தெருக்காரர்கள் நல்லவர்கள், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்புறம் காலையில் கடையைத் திறந்துவிட்டு, யார் கடை இது என்று வாசலிலேயே நின்றார். போதாததற்கு, போனைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் பருப்பு வீட்டுக்கு வந்து நிற்கிற காலம். போன தை மாசம் கடையைக் காலி செய்தார்கள். விற்காமல் மிச்சமிருந்த சரக்கு, பதினாறு தகர டின்கள், தராசு, எடைக்கல், அவர் உட்கார்கிற ஸ்டூல் எல்லாம் வீட்டுக்கு வந்தன.

வந்த பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. தேவகிருபைக்கு மனசு தாங்கவில்லை. முன்னறையில் பலகை அடித்து, கடையில் இருந்த அதே வரிசையில் டின்களை அடுக்கினாள். பழசு முன்னால், புதுசு பின்னால். தராசைத் தொங்கவிட்டாள். மறுநாள் ராசையா குளித்து, திருநீறு பூசாத நெற்றியைத் துண்டால் அழுத்தித் துடைத்து, ஸ்டூலில் போய் உட்கார்ந்து டின்களைத் துடைக்க ஆரம்பித்தார். முகத்தில் பழைய களை. அவள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். தானே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.

கடைக்காரன் கண்ணில் காலி டின் பட்டால் சும்மா இருப்பானா? உளுந்து டின் தீர்ந்த அன்று ராசையா சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டி, தண்டையார்பேட்டையில் இசக்கிப்பாண்டியின் மண்டிக்குப் போய் உளுந்தோடு திரும்பினார். அடுத்த வாரம் பொட்டுக்கடலை. அதற்கடுத்த வாரம் பத்துக் கிலோ துவரம்பருப்பு. இரண்டு பேர் வீட்டில், அதுவும் ஒருத்தருக்குச் சர்க்கரை வியாதி, பத்துக் கிலோ துவரம்பருப்பு.

இசக்கிப்பாண்டிக்குப் போன் போட்டு, இவர் வந்தால் சரக்குக் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் சங்கடப்பட்டார். “அண்ணாச்சி வந்து நின்னா இல்லன்னு சொல்ல நாக்கு வரல மதினி,” என்றார். “நான் தொழில் படிச்சதே அவுஹ கடையிலதான்.” வேண்டுமானால் இனிமேல் பாதி அளவு கட்டிக் கொடுக்கிறேன் என்றார். அந்த மனுஷனைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

ஆவணி மாசம் அது நடந்தது. வண்டு பிடித்த பயறை மொட்டைமாடியில் காயப்போடப் போயிருந்தாள். கூட்ஸ் யார்டிலிருந்து பறக்கிற கரித்தூள் விழாமலிருக்க மேலே வேட்டியை விரித்துக் கல் வைத்துவிட்டு இறங்கி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஆளைக் காணோம். போன் போட்டுக் கேட்டால் மண்டிக்கும் வரவில்லை என்றார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சாத்தாங்காட்டில் கண்டுபிடித்தார்கள். இரும்பு ஏற்றுகிற லாரிகளுக்கு நடுவில், செருப்பில்லாத காலோடு, கையில் சாக்கோடு நின்று, இங்கே பருப்பு மண்டி எங்கே என்று ஒவ்வொரு டிரைவரையும் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

மகள் பெனிஷா புளியந்தோப்பிலிருந்து ஓடிவந்தாள். ஹவுசிங் போர்டு வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரே அறை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக இடமில்லை. இன்னொரு தடவை இப்படிக் காணாமல் போனால் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான், விசாரித்து வைத்திருக்கிறேன் என்று அழுதுகொண்டே சொன்னாள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. லாரிச் சக்கரத்தில் அப்பாவைப் பார்க்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தேவகிருபைக்கு உயிரே அந்தப் பதினாறு டின்களில் தொங்கியது. சரக்கைத் தீர்த்தால் மனுஷன் தெருவில் இறங்கிவிடுவார். தீர்க்காவிட்டால் எல்லாம் வண்டும் நூலாம்படையுமாய்ப் போய்விடும். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். காலி டின்னைப் பார்த்துவிட்ட நாளில் அவர் கதவைத் தட்டுகிற தட்டில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து நின்றுவிடுவார்கள். குப்பையில் போடலாமென்றால் அதுவும் நடக்காது. ஒரு தடவை புழுத்த சேமியாவைத் தொட்டியில் போட்டாள். அவர் அதை எடுத்து வந்து, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

பெனிஷா தினம் ஒரு வீடியோ அனுப்புவாள். ரவையில் பிரியாணி இலை போடுங்கள், இருப்பதைப் பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், வாரம் ஒரு நாள் எதுவும் வாங்காமல் இருப்பதை வைத்துச் சமையுங்கள் என்று பவுடர் போட்ட ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். தேவகிருபை முழுசாகப் பார்ப்பாள். எல்லாம் நல்ல யோசனைதான். அந்தப் பெண் வீட்டில் ராசையா இல்லை.

ஆகவே சமைத்துத் தள்ளினாள். சுண்டல், அடை, பருப்புத் துவையல், பொட்டுக்கடலை மாவு உருண்டை. சமைத்ததை எதிர்வீட்டு அங்கம்மாவுக்குத் தூக்குவாளியில் கொடுத்துவிடுவாள். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிற பொம்பளை அங்கம்மா, மூன்று பிள்ளைகள். மூன்று வாரம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவள் நாலாவது வாரம், “இன்னா கடக்காரம்மா, தெனிக்கும் சுண்டலாவே கீது? புள்ளைங்க வவுறு பேஜாரு பண்ணுது,” என்றாள். சொல்லிவிட்டு வாளியையும் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் தேவகிருபைக்குக் கடைக்காரன் வித்தை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. சரக்குக் குறைந்த டின்னில் அடியில் காகிதத்தைத் திணித்து, மேலே ஒரு தட்டைப் போட்டு, அதன்மேல் இரண்டு விரல்கடைப் பருப்பைப் பரப்பிவிட்டால் டின் நிறைந்து தெரியும். அது மோசடி இல்லை, எடை சரியாகத்தானே கொடுக்கிறோம், நிறைந்த கடைக்குத்தான் ஆள் வரும் என்று ராசையாவே பண்டிகை நாட்களில் செய்ததுதான். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது பழைய பேப்பர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு டின்னாகத் திணித்தாள். நாற்பத்து நாலு வருஷத்தில் புருஷனை ஏமாற்றியது அன்றைக்குத்தான்.

வித்தை பலித்தது. ராசையா எழுந்து வந்தார், மூடியைத் திறந்து பார்த்தார், துடைத்தார், திருப்தியாக மூடினார். மூன்று வாரம் மண்டிப் பேச்சே இல்லை. அடியிலிருந்து எடுத்த பருப்பைத் தேவகிருபை கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்துச் சமைத்தாள். பலகைக்குப் பின்னால் அந்தப் பத்துக் கிலோ புதுச் சாக்கு வாய் தைத்தபடியே கிடந்தது. பழசு தீராமல் அதைத் தொடக்கூடாது. பழசு தீர்ந்தது தெரியவும் கூடாது. ஐப்பசி மழை ஈரத்தில் அதிலும் வண்டு விழும், பிறகு அதையும் புடைத்துத் தின்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும், ஆள் வீட்டில் இருக்கிறாரே, அது போதும் என்றிருந்தாள்.

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். சாம்பாருக்குப் பருப்பெடுக்கக் கிண்ணத்தோடு முன்னறைக்கு வந்தாள். ஸ்டூலில் இருந்த ராசையா நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாக எழுந்து நின்றார்.

“என்னம்மா வேணும்?”

பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தது, ஊர்ப் பெயர் மறந்தது, ஜெபத்தின் நடுவில் வார்த்தை மறந்தது, எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். அவளை மறந்தது இல்லை. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மிரண்டுபோவாரோ என்று பயந்தாள்.

“அரைக் கிலோ துவரம்பருப்பு,” என்றாள்.

அவர் டின்னைத் திறந்து கரண்டியை இறக்கினார். இரண்டு விரல்கடைக்குக் கீழே தட்டில் இடித்தது. அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். காகிதம். கோபப்படவில்லை. டின்னின் அடி வந்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தட்டைத் திரும்ப வைத்தார். மேலே கிடப்பதையே கொடுங்கள், போதும் என்றாள் அவள் அவசரமாக.

ராசையா தலையாட்டி மறுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது வேண்டாம்மா. வண்டு விழுந்தது, எங்க வீட்டுக்கு ஆவும். வீட்ல ஒருத்தி இருக்கா, பொடச்சு எடுத்துருவா. ஒங்களுக்குப் புதுசு பிரிச்சுத் தாரேன்.”

சட்டைப் பொத்தானைப் போட முடியாத அந்த விரல்கள் சாக்கின் தையல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்தன. பருப்பு மஞ்சளாய், பளபளவென்று இருந்தது. தராசில் அரைக் கிலோ நிறுத்து, அதற்கு மேல் ஒரு பிடி போட்டு, காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி நீட்டினார். தேவகிருபை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடுக்களைக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். அந்த வாடிக்கைக்காரிமேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தப் பருப்பையே வேக வைத்தாள். வேறு என்ன செய்ய? புடைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு விசிலில் வெண்ணெயாய்க் குழைந்தது. வீடெல்லாம் வாசனை.

மத்தியானம் ராசையா முதல் வாயை மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

“கிருபை,” என்றார்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். எதிரில் வந்து குனிந்தாள்.

“புதுசைப் பிரிச்சிட்டியா?” அவர் முகம் வாடியிருந்தது. “பழசு கெடக்கும்போது பிரிக்கலாமா? நாளைக்கு வாடிக்கைக்கு என்னத்தக் குடுப்பேன்?”

“தெரியாமப் பிரிச்சிட்டேன்,” என்றாள் தேவகிருபை.

“போட்டும். வெயில் தாழ மண்டிக்குப் போயிட்டு வந்துருதேன்.”

அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார். அவள் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.