கற்குவையின் மேல் நிற்கும் வேலை

டெக்வெனுக்கு எழுபத்தொரு வயது. வசந்தத்தில்தான் இடது இடுப்பு மூட்டை அறுத்து மாற்றியிருந்தார்கள். செப்டம்பரில், வேல்ஸ் மலைகளில் ஆடுகளைக் கீழே இறக்கும் நாள் வந்ததும், என் இடத்துக்கு நான்தான் போவேன் என்று நின்றாள்.

அவள் இடம் முகட்டிலிருக்கும் கற்குவை. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரையோ புதைத்து, மேலே கல்லைக் குவித்திருக்கிறார்கள். அதன்மேல் ஓர் ஆள் நிற்பது தெரிந்தால் ஆடுகள் முகட்டைத் தாண்டாமல் பட்டிப் பக்கம் திரும்பும். முப்பத்தொரு வருஷமாக அந்த ஆள் டெக்வென்தான்.

"பெரியம்மா, இந்தத் தடவை கீழ பட்டி வாசலப் பாத்துக்கங்களேன்," என்றான் கெதின். கொழுந்தன் மகன், மந்தை இப்போது அவன் பொறுப்பு.

"வாசலக் கிழவிங்க பாத்துக்கட்டும்டா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"வாயப் பாரு! ஒரு ஆடு தாண்டட்டும், அப்புறம் பேசு."

வண்டியில் ஏற்றிப்போய் முகட்டில் இறக்கிவிட்டான்.

ஒரு மணி நேரம் நின்றாள். ஆடுகளை ஓட்டிவரும் நாய்களின் குரைப்பு இன்னும் பள்ளத்திலேயே கேட்டது. புது இடுப்பு பரவாயில்லை. மாற்றாத இடுப்புதான் உயிரை எடுத்தது. குவையின் நடுவில், என்றோ புதையல் தேடியவர்கள் தோண்டிப்போட்ட குழி ஒன்று உண்டு. காற்றே படாது, உட்கார்ந்தால் வெளியே ஆளும் தெரியாது. அதில் உட்காரக் கூடாது என்று நாலு பேருக்குச் சொன்னவளே அவள்தான். ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தாள். கண் அசந்துவிட்டது.

குளம்புச் சத்தம் கேட்டு எழுவதற்குள் முப்பது ஆடுகள் தாண்டிப் பக்கத்து மலையில் இறங்கிவிட்டன.

கெதின் மூச்சிரைக்க ஏறிவந்தான். அவள் முதுகில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தான். "மூடுபனி மறைச்சிடுச்சா, பெரியம்மா?"

வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஆமாம் என்றால் போதும், அடுத்த வருஷமும் இடம் அவளுக்குத்தான்.

"பனியாவது மண்ணாவது. உக்காந்தேன், தூங்கிட்டேன். நாளைக்கு அதுங்களத் திருப்பி ஓட்டிட்டு வரணும்ல? உன் பொண்டாட்டிய இங்க நிக்க வை."

"லுனெட்டையா? அவ குளிர் தாங்க மாட்டாளே."

"தாங்குவா. குழிக்குள்ள மட்டும் இறங்க வேணாம்னு சொல்லு. அங்க படுக்க ஒருத்தன் எப்பவோ பாத்தியதை வாங்கிட்டான்."

மறுநாள் டெக்வென் பட்டி வாசலில் நின்று முகட்டைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கீழிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. குவைமேல் லுனெட் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. இதற்கா இத்தனை ஆடும் பயந்தது?

முன்னால் வந்த ஆடு முகட்டைப் பார்த்தது, தயங்கியது, கீழே திரும்பியது. டெக்வென் கதவை அகலத் திறந்துவிட்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.