அஞ்சலை அக்கா என் மேல் கட்டிய பிராது

முப்பது வருஷம் ஒயர்மேனாக இருந்தேன். மெமோ வாங்கியிருக்கிறேன், ஷாக்கும் வாங்கியிருக்கிறேன். சாமியிடம் புகார் போனது ஒரே ஒரு முறைதான்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், மணிமுத்தாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். நவரை நெல் பால் பிடிக்கும் நேரத்தில் அங்கே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. ஆறு காய்ந்து கிடந்தது. போர் மோட்டாரை நம்பித்தான் பயிர். வேறு டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு எழுதிப்போட்டோம். "வரும்யா" என்றார் இன்ஜினியர். எப்போது என்று கேட்டால் ஃபேனைப் பார்த்தார்.

நாலாம் நாள் அஞ்சலை அக்கா போன் செய்தார். ஒன்றரை ஏக்கரில் தனியாளாகப் பயிர் வைக்கிறவர்.

"ஒயர்மேன் தம்பி, மணவாளநல்லூர்ல உங்க மேல பிராது கட்டிட்டு வந்துட்டேன்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அங்குள்ள முருகன் கோயிலில் குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் சாமியே விசாரிக்கும். காரியம் முடிந்ததும் 'ராஜினாமா' எழுதி வாபஸ் வாங்க வேண்டும்.

"அய்யய்யோ, என் மேல ஏன்க்கா? இன்ஜினியர் மேல கட்டக்கூடாதா?"

"அவுரு பேரு யாருக்குத் தெரியும்? கம்பத்துல உங்க பேருதான எழுதியிருக்குது. தப்பான ஆளுன்னா சாமியே பாத்து மாத்திக்கும்."

சாமி மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் பைக் பஞ்சர். அதற்கடுத்த நாள் பல்வலி. கன்னம் போண்டா மாதிரி வீங்கிவிட்டது. "மரியாதையா அந்தம்மாவுக்குக் கரண்டு குடுத்துட்டு வூட்டுக்கு வாங்க" என்றாள் என் மனைவி.

வீங்கிய கன்னத்தோடு மின்வாரிய ஸ்டோர்ஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் லாரியில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

"என்னா சார், உங்க சொந்த நெலமா?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"சொந்த உசுரு" என்றேன்.

அன்று சாயங்காலமே லைன் கொடுத்தோம். வெடித்துக் கிடந்த வயலில் தண்ணீர் பாய்ந்ததும் அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. பல்வலியும் ஒரு காரணம்.

"ராஜினாமா எழுதிடுங்கக்கா."

"கரண்டுதான வந்துருக்குது? நெல்லு வூடு வந்து சேரட்டும்."

அறுப்பு முடிந்ததும் என்னையும் கூட்டிப்போய் வாபஸ் வாங்கினார். அப்பாடா என்று கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். அக்கா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார்.

"இது அடுத்த பட்டத்துக்கு. எழுதி மட்டுந்தான் வச்சிருக்கேன், கட்டல."

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, கட்டிய பிராதுக்கு நான் ஒரு முறைதான் ஓடினேன். கட்டாத அந்தத் தாளுக்கு ரிட்டையர் ஆகும்வரை ஓடினேன்.